அருள்நாதனின் தொட்டி வண்டி

டீக்கடை வாசலில் நின்று அருள்நாதன் ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் மெல்லத் திறந்து மெல்ல மூடுகிறார். சர்க்கரை கொஞ்சம் போதும் என்று அர்த்தம். உள்ளங்கையைக் கவிழ்த்துக் காற்றைத் தட்டுகிறார். கிளாஸைக் கீழே வை, ஆறட்டும். முஷ்டியை மூடிக் காட்டினால், அவ்வளவுதான், நிறுத்து. ஒரு டீயை ஒரு சொல்லும் செலவழிக்காமல் குடித்து முடிக்கிற ஆள் ராயபுரத்தில் இவர் ஒருவர்தான். ஊமை என்று நினைத்து, தெருவுக்குப் புதிதான ஒரு கூடைக்காரி அவர் கையில் வாழைப்பழம் ஒன்றைத் திணித்துவிட்டுப் போனாள். அதைத் திருப்பிக் கொடுக்கவும் அவர் வாயைத் திறக்கவில்லை. பின்னாலேயே ஓடிப் போய்க் கூடையில் வைத்துவிட்டு வந்தார்.

ஊமை இல்லை. ஹார்பரில் சிக்னல்மேன். கப்பலின் வயிற்றைத் திறந்து வைத்திருக்கும் விளிம்பில் நிற்பது அவர் வேலை. கிரேன்காரர் உயரத்தில் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார், அவருக்குக் கீழே நடப்பது தெரியாது. கீழே சரக்கு கட்டுகிறவர்களுக்கு மேலே நடப்பது தெரியாது. இரண்டு பேரும் பார்க்க வேண்டியது நடுவில் நிற்கும் அருள்நாதனின் கையை. அங்கே இருக்கிற இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்காது. விரலைச் சுற்றினால் சரக்கு ஏறும். உள்ளங்கையைத் தட்டினால் இறங்கும். முஷ்டியை மூடினால் எது எங்கே இருந்தாலும் அந்தரத்தில் நிற்கும். விரல் தப்பினால் கீழே ஒருவன் தலை போகும். இவர் கையால் அப்படி யார் தலையும் போனதில்லை. மீசை முளைக்காத வயதிலிருந்து இதே வேலை. கை தேய்ந்து பளபளவென்று ஆகிவிட்டது, வாய்தான் துருப்பிடித்துப் போனது.

இதில் தெருப் பையன்களான எங்களுக்கு ஒரு வசதி. அவர் இரண்டு கையிலும் வாளியோடு பைப்படியிலிருந்து வரும்போது எதிரே போய் முஷ்டியை உயர்த்தினால் போதும், ஆள் டக்கென்று நின்றுவிடுவார். தண்ணீர் தளும்பி வேட்டி நனையும். உடம்புக்கு அப்படிப் பழக்கம். "இன்னாடா பசங்களா" என்று ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நாங்களும் விட்டிருப்போம். அவர் திட்டியதில்லை. இரண்டு கையிலும் வாளி இருக்கிறது, எதை வைத்துத் திட்டுவார்?

வீட்டிலும் இதே பாஷைதான். அவர் மனைவி ரோசி அக்காவோ பேச்சுக்கென்றே பிறந்தது. அடுப்போடு பேசும், பூனையோடு பேசும், தண்ணீர் வரவில்லை என்றால் பைப்போடு பேசும். புருஷன் மட்டும் பதில் சொல்லவில்லை. ஒரு வாரம் வேண்டுமென்றே குழம்பில் உப்பை அள்ளிப் போட்டுப் பார்த்ததாம். அருள்நாதன் மாமா சாப்பிட்டுவிட்டு முஷ்டியை மூடிக் காட்டினார், போதும். மறு வாரம் உப்பே போடவில்லை. அதற்கும் முஷ்டி.

ஒருநாள் காலையில் அக்கா டிரங்குப் பெட்டியோடு தெருவில் இறங்கியது. "ஏறுன்னா ஏறவும் எறங்குன்னா எறங்கவும் நான் இன்னா கப்பல் சரக்கா? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லுய்யா. ஒரே ஒரு வார்த்த. அது கூடவா இல்ல உன்னாண்ட?" தெருவே வாசலில் நின்று பார்த்தது. மாமா கையைத் தூக்கினார். நான் எதிரில்தான் நின்றேன். முஷ்டி. போகாதே, நில்லு என்று அர்த்தம். கிரேனாக இருந்தால் நின்றிருக்கும். ரோசி அக்கா எண்ணூரில் இருக்கும் தன் அக்கா ஆலிஸ் வீட்டுக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் விளக்கு எரியும், சத்தம் இருக்காது. பூனையும் பக்கத்து வீட்டு ஹில்டா அக்காவிடம் குடி மாறிவிட்டது. பேச்சு கேட்டு வளர்ந்த பூனை, அதை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? பொழுது சாய்ந்ததும் மாமா வாசற்படியில் உட்கார்ந்து, எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். சில சமயம் மடியில் கிடக்கும் கை தானாக அசையும். என்ன சரக்கை எங்கே இறக்குகிறதோ, யாருக்குத் தெரியும்.

எங்கள் தெருவில் இருந்த ரயில்வே கார்டு ஒருவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். போகும்போது கொல்லையில் ஒரு மோட்டார் சைக்கிளை விட்டுப் போயிருந்தார். யுத்தகாலத்து மிலிட்டரி வண்டி. இடது பக்கம், ஓர் ஆள் காலை நீட்டி உட்கார ஒற்றைச் சக்கரம் வைத்த சைடு கார். நாங்கள் அதைத் தொட்டி என்போம். அவர்கள் இங்கே இருந்தபோது, கார்டின் சம்சாரம் தொப்பி வைத்துக்கொண்டு தொட்டியில் உட்கார்ந்து ராயப்பர் சர்ச் பூசைக்குப் போவதை ரோசி அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்கும். "பஸ்ஸுன்னாவே எனக்கு கொமட்டிகினு வருது. இதுல குந்திகினு போறதுன்னா நான் லண்டனுக்கே போவேன் ஹில்டா" என்று சொல்லும். அக்கா போன பிறகு ஹில்டா அக்கா இதை மாமாவின் காதில் போட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். எஞ்சினில் பாதி வண்டியில் இருந்தது, பாதி பக்கெட்டில். தொட்டிக்குள் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. மாமாவுக்கு சைக்கிளே ஓட்ட வராது.

கோழி குஞ்சு பொரித்து இறங்கும்வரை அவர் தொட்டியில் கை வைக்கவில்லை. இறங்கிய அன்றே கழுவ ஆரம்பித்தார். எஞ்சின் பக்கெட்டில் மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருக்க, மனிதர் தொட்டிக்குத் தேங்காய் நார் அடைத்து மெத்தை தைத்தார், பூப்போட்ட துணியில் உறை போட்டார், முதுகுக்கு ஒரு குட்டித் தலையணையும் வைத்தார். டோல்கேட்டில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் குணசேகரன் அப்போதுதான் முதல்முறை எங்கள் தெருவுக்கு வந்தார். தன் கடையில் வந்து நின்று அரை மணி நேரம் கையை ஆட்டிய ஆளுக்கு என்ன சாமான் வேண்டும் என்று புரியாமல் நேரிலேயே பார்க்க வந்துவிட்டார்.

"இன்னா அண்ணாத்தே, எஞ்சினு பக்கெட்டுல குளிச்சிகினு கீது, நீ மெத்த தச்சிகினு கீறே?"

மாமா மெத்தையைத் தட்டிக் காட்டினார். குணசேகரனுக்குப் புரியவில்லை. மாமா தொண்டையைச் செருமினார். "அவ குந்தணும்" என்றார். பல மாதம் கழித்து எங்கள் தெரு கேட்ட அவர் குரல் அது.

அன்றிலிருந்து ஷிப்டு முடிந்து வந்தால் இதே வேலை. கழற்றிய சாமானைக் கழற்றிய வரிசையிலேயே கோணியில் பரப்பி வைப்பார். கப்பலில் கடைசியாக ஏற்றியது முதலில் இறங்கும், அந்தக் கணக்கு. நாங்கள் இரண்டை இடம் மாற்றி வைத்தால், கண்டுபிடித்துத் திரும்ப வைத்துவிட்டு எங்களைப் பார்த்து உள்ளங்கையைத் தட்டுவார். அடங்குங்கடா என்று அர்த்தம். ஒரு சாமானைத் துடைத்துப் பளிச்சென்று ஆக்கிவிட்டால் அதைத் தூக்கிப் பிடித்து வீட்டுக்குள் திரும்பிப் பார்ப்பார். உள்ளே யாரும் இல்லை என்பது ஞாபகம் வந்ததும் தெருப்பக்கம் திருப்புவார். எங்களில் வேம்பு கை தட்டுவான். முதலில் கிண்டலுக்குத்தான் தட்டினான்.

எஞ்சின் ஒரு வழியாக வண்டிக்குள் போய்ச் சேர்ந்தது. எங்களில் ஒரு கூட்டமே சேர்ந்து தள்ளியது. இருமியது, துப்பியது, கரும்புகையைக் கக்கியது, பிறகு உயிர் வந்துவிட்டது. உயிர் வந்ததும் மாமாவைக் கேட்காமல் ஓட ஆரம்பித்தது. நேர் எதிரே பைப்படி, குட வரிசை. பிரேக்கை மிதிக்கிறார், நிற்கவில்லை. அப்போது மாமா செய்ததை இந்தத் தெரு செத்தாலும் மறக்காது. ஹேண்டில் பாரிலிருந்து ஒரு கையை எடுத்து, வண்டிக்கு முன்னால் நீட்டி, முஷ்டியை மூடிக் காட்டினார்.

மோட்டார் சைக்கிளுக்கு ஹார்பர் பாஷை தெரியவில்லை. ஹில்டா அக்காவின் குடம் அப்பளமாகிவிட்டது.

"யோவ் அருளு, கையக் காட்டி நிறுத்த அது இன்னா பல்லவன் பஸ்ஸா?" என்று ஹில்டா அக்கா கத்தியது. கத்திக்கொண்டே வந்து அவர் முழங்கையில் ரத்தத்தைத் துடைத்தது.

குணசேகரன் வந்து சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே கருகருவென்று மசி. கிரேனின் இரும்புக் கயிற்றுக்குப் பூசுகிற கெட்டி கிரீஸ். ஹார்பரில் எது உரசினாலும் அதைப் பூசுவார்கள், மாமாவும் உரசுகிற இடம் பார்த்து எல்லாவற்றுக்கும் பூசிவிட்டார். "பிரேக்குன்னா ஒரசறதுக்குத்தான் அண்ணாத்தே கீது! அதுக்குப் போயி கிரீஸு தடவுனவன் மெட்ராஸ்லயே நீ ஒர்த்தன்தான்" என்று குணசேகரன் தரையில் உட்கார்ந்து சிரித்தார். மாமாவும் சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு.

பிரேக் சரியானது. கடலோரச் சந்தில் ஓட்டிப் பழகினார். நேராகப் போனால் ராஜா மாதிரி போகும். இடது பக்கம் திரும்பினால் காலித் தொட்டி தரையை விட்டுத் தூக்கிக்கொள்ளும். ஒருமுறை வண்டி மொத்தமும் அவர் மேல் கவிழப் பார்த்தது.

"தொட்டில ஒரு ஆளு வெயிட்டு வேணும் அண்ணாத்தே. காலியா ஓட்டுனா கண்டிப்பா கவுத்துரும்" என்றார் குணசேகரன்.

சொல்லி முடிப்பதற்குள் நாங்கள் வரிசையில் நின்றுவிட்டோம். வேம்பு ஒரு காலைத் தொட்டிக்குள் வைத்தேவிட்டான். மாமா அவனை அப்படியே தூக்கி வெளியே வைத்தார். "மொதல்ல அவ" என்றார்.

"அப்ப எண்ணூரு வரிக்கும் காலியாவா போவே?" என்று கேட்டார் குணசேகரன்.

மாமா கடற்கரைக்குப் போய் ஒரு கோணியில் மணலை நிரப்பித் தோளில் சுமந்து வந்தார். தொட்டியில் இருந்த தலையணையை எடுத்து உள்ளே பத்திரப்படுத்திவிட்டு, மெத்தைமேல் பழைய சாக்கை விரித்து மூட்டையை உட்கார வைத்தார். வாயைச் சுருக்கு முடிச்சுப் போட்டுக் கட்டினார். குணசேகரன் முடிச்சை இழுத்துப் பார்த்தார். "வழில அவுந்துரும். கோணி ஊசிய போட்டு தச்சிரு."

"வாணாம். அங்க போயி கொட்டணும்."

போகும்போது மணல், வரும்போது ரோசி அக்கா. ஒரு இழுப்பில் அவிழ்த்துக் கொட்டிவிட்டு வருவதற்குத்தான் சுருக்கு முடிச்சு. எங்களில் மக்குப் பையனுக்கும் அது விளங்கிவிட்டது.

போன ஞாயிறு காலைப் பூசை முடிந்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலையில் எண்ணெய் வழிய மாமா கிளம்பினார். மூட்டை பக்கத்தில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது. அவர் போனதும் ஹில்டா அக்கா அவர் வீட்டைத் திறந்து கூட்டிப் பெருக்கி, குடத்தில் தண்ணீர் நிரப்பி, பூனையைக் கொண்டுபோய் உள்ளே விட்டது. நாங்கள் தெருமுனையில் தகர டின்களோடு காத்திருந்தோம். வேம்பு மதில் மேல்.

வெயில் இறங்கிய நேரம் சத்தம் கேட்டது. "தொட்டில ஆளு கீதுடா!" என்று வேம்பு கத்தினான். டின்கள் முழங்கின. வண்டி புழுதிக்குள்ளிருந்து வெளியே வந்தது. தொட்டியில் உட்கார்ந்திருந்த உருவத்துக்குத் தலை இல்லை. கட்டிய கோணியின் இரண்டு மூலைதான் காது மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. யார் முதலில் நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை, டின்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின.

மாமா வாசலில் நிறுத்தி எஞ்சினை அணைத்தார். ஹில்டா அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தது.

"இன்னா அருளு, அவ வர்லியா?"

மாமா இல்லை என்று தலையசைத்தார்.

"சண்ட போட்டாளா?"

"இல்ல. சோறு போட்டா."

"அப்பால?"

"வெளிய வந்து வண்டிய சுத்திப் பாத்தா. மெத்தயத் தொட்டுப் பாத்தா. எதுனா சொல்லணுமான்னு கேட்டா."

"கேட்டாளா! நீ இன்னா சொன்னே? வாடின்னு கூப்ட்டியா?"

மாமா தன் வலது கையைப் பார்த்தார். "தொட்டியக் காட்னேன்" என்றார்.

ஹில்டா அக்கா நெற்றியில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கியது, அடித்துக்கொள்ளவில்லை. "ஒரு வார்த்தைக்குத்தானே அவ நின்னா, பாவி" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்விட்டது. டின்களைச் சத்தம் வராமல் கீழே வைத்தோம்.

மாமா வீட்டுக்குள் போனார். வரும்போது கையில் கோணி ஊசியும் சணல் நூலும் இருந்தன. தொட்டி ஓரமாகக் குந்தினார். சுருக்கு முடிச்சை ஒரு இழுப்பில் அவிழ்த்தார். மணலைக் கொட்டவில்லை. கோணியின் வாயை இரண்டாக மடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நெருக்கி நெருக்கித் தைத்தார். கடைசித் தையலை இழுத்து இறுக்கியதும், குனிந்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.