எந்தப் பக்கம் பலகை

இடது கைக்காரர்களுக்கென்று தனியாகப் பொருள் செய்ய வேண்டுமா என்று யாராவது கேட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். கேட்பவர்கள் எல்லாருமே வலது கைக்காரர்கள். "பழகுனா எல்லாம் வந்துரும்" என்பது அவர்கள் கையில் வைத்திருக்கிற சர்வரோக நிவாரணி. நானும் பிறந்ததிலிருந்து பழகிக்கொண்டேதான் இருக்கிறேன்.

நியாயமாகவே பேசுகிறேன். எல்லாவற்றையும் எனக்கென்று தனியாகச் செய்துதரச் சொல்லவில்லை. கரண்டி, துடைப்பம், குடம் இவற்றோடு எனக்கு எந்தத் தகராறும் கிடையாது. சுத்தியலை எந்தக் கையில் பிடித்தாலும் அது ஆணியைத்தான் அடிக்கும். கத்திரிக்கோல் அப்படியில்லை. காளவாசலில் ஒரு ஜவுளிக்கடையில் ரவிக்கைத் துணி வெட்டிக்கொடுப்பதுதான் என் வேலை. வலது கைக்குச் செய்த கத்திரியை இடது கையில் பிடித்தால் இரண்டு அலகும் ஒன்றை விட்டு ஒன்று விலகிப்போகும். துணி அறுபடாமல் நடுவில் மடிந்துகொள்ளும். வெட்டவேண்டிய கோட்டை மேல் அலகு மறைத்துவிடும். நான் கட்டைவிரலை உள்பக்கமாக இழுத்து அழுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டுவேன். சாயங்காலம் அந்த விரலால் சேலைக்கு ஊக்கு மாட்டக்கூட முடியாது.

அப்படி வெட்டியும் துணி ஓரம் அலை அலையாகத்தான் வரும். இடது கைக் கத்திரி ஒன்று வாங்கித் தாருங்கள் என்று ஒருமுறை முதலாளியிடம் கேட்டேன்.

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்" என்றார். "கடையில இருக்க அம்புட்டுப் பேரும் இதுலதானம்மா வெட்டுறாங்க?"

கூட வேலை பார்ப்பவர்கள் சிரித்தார்கள். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்தக் கத்திரியை அவர் மேசையில் வீசிவிட்டு வந்துவிடலாமா என்று இருந்தது. வீசவில்லை. எனக்கு அந்த வேலை தேவைப்பட்டது.

கை விஷயத்தில் என் அம்மா கெட்டிக்காரி. என்னைப் பெண் பார்க்க வந்தபோது காப்பித் தம்ளரைத் தனியாக எடுத்து நீட்டவே விடவில்லை. "ரெண்டு கையாலயும் தட்டப் புடி. எந்தக் கைன்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது" என்றாள். தெரியவில்லை. கல்யாணமாகிக் கோச்சடையில் புகுந்த வீட்டில் விளக்கேற்றும்போது மட்டும் பழக்கதோஷத்தில் நொட்டாங்கை முன்னால் போய்விட்டது. மாமியாரின் முகம் சுருங்கியது. என் கணவர் மட்டும், "விளக்கு எரியுதுல்ல, விடுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் அவரைப் பல விஷயங்களில் மன்னித்திருக்கிறேன்.

அவர்தான் என்னை அரசாங்க வேலைக்குப் படிக்கச் சொன்னார். கத்திரியிலிருந்து தப்பிக்க எனக்கும் வேறு வழி தெரியவில்லை. கடை முடிந்ததும் அதே காளவாசலில் மாடியிலிருந்த பயிற்சி வகுப்புக்குப் போவேன். முந்தைய பரீட்சைகளில் கொஞ்சத்தில் தவறவிட்டிருந்தேன். நான் குறிவைத்திருந்த வேலைக்கு விண்ணப்பிக்கும் வயது அந்த வருடத்தோடு எனக்கு முடிகிறது. அதற்கப்புறம் எழுத நினைத்தாலும் எழுத முடியாது. இந்தத் தடவை தவறினால் ஆயுசுக்கும் அந்தக் கத்திரிதான்.

பயிற்சி வகுப்பில் மேசை கிடையாது. வலது கைப்பிடியில் எழுதுவதற்குச் சின்னப் பலகை பொருத்திய நாற்காலிகள்தான். முதல் நாளே நான் ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். எனக்கு இடப்பக்கத்து நாற்காலியில் என் பையை வைத்து யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்வேன். அந்த நாற்காலியின் வலப்பக்கப் பலகை என் இடது கைக்குப் பக்கத்தில் வந்துவிடும். கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தால் போதும், சொகுசாக எழுதலாம். மாதிரித் தேர்வு அத்தனையையும் பக்கத்து நாற்காலியில்தான் எழுதினேன். மதிப்பெண்ணும் ஏறிக்கொண்டே வந்தது. எனக்கு எவ்வளவு சாமர்த்தியம் என்று நானே மெச்சிக்கொண்டேன். வலது கைக்காரர் எவருக்கும் இப்படி ஒரு தப்புக்கணக்கு வந்திருக்காது.

முன்பெல்லாம் பரீட்சை ஏதாவது பள்ளிக்கூடத்தில் பெஞ்சில்தான் நடக்கும். இந்த முறை நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் போட்டிருந்தார்கள். கணவர் வண்டியில் கொண்டுவந்து விட்டார். "நிதானமா எழுது. முடிஞ்சதும் வாரேன்" என்று சொல்லிப் போனார். மாடிப்படி ஏறி அறைக்குள் நுழைந்து என் எண்ணைத் தேடினேன். பலகை வைத்த நாற்காலிகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஓர் ஆள் நடந்துபோகிற இடைவெளி. என் எண் ஒட்டியிருந்தது இடது ஓரத்து நாற்காலியில். எனக்கு இடப்பக்கம் வெறும் சுவர்.

அறைக் கண்காணிப்பாளர் என்னைவிடச் சின்னவராக இருந்தார்.

"சார், எனக்கு இடது கை. பலகை அந்தப் பக்கம் இருக்கு. வேற சேர் கிடைக்குமா?"

"எல்லா சேரும் இப்படித்தான் மேடம் இருக்கும்."

"ஒரு மேசையாச்சும் போட முடியுமா? சும்மா ஒரு ஸ்டூல் இருந்தாக்கூடப் போதும்."

"நம்பர் ஒட்டுன எடத்துல எதையும் மாத்தக் கூடாது மேடம். மாத்துனா என் தலைதான் உருளும். எல்லாரும் எழுதுறாங்கல்ல, நீங்களும் எழுதிருவீங்க."

மணி அடித்துவிட்டது. எழுத ஆரம்பித்தேன்.

சரியான விடைக்குரிய வட்டத்தைப் பேனாவால் கறுப்பாக்குகிற பரீட்சை அது. இடுப்பை வலப்பக்கம் முறுக்கி, இடது கையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுபோய் அந்தப் பலகையில் வைக்கவேண்டியிருந்தது. முழங்கை அந்தரத்தில் தொங்கியது. கேள்வித்தாளை வைக்க இடமில்லாமல் மடியில் வைத்தேன். அது இரண்டு தரம் வழுக்கி விழுந்தது. மேலிருந்து கீழாக ஒரு வரிசை வட்டங்களை முடித்து வலப்பக்கத்து அடுத்த வரிசைக்குப் போனால், மை காயாத முந்தின வரிசையின் மேல்தான் என் கை படுத்துக் கிடக்கும். கறை பட்ட தாளை இயந்திரம் தள்ளிவிடும் என்று வகுப்பில் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். கையைத் தூக்கித் தூக்கி எழுதினேன். தோள்பட்டை விண்ணென்று தெறித்தது. ஆனால் கேள்விகள் எளிது. கடவுளே, எத்தனை எளிது! கண்ணால் பார்த்ததுமே விடை தெரிந்தது. தெரிந்த விடையைத் தாளில் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் முடியவில்லை.

எனக்கு வலப்பக்கம் ஒரு சின்னப் பெண். நான் அவள் பக்கமே முகம் வைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவள் தன் விடைத்தாளை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். எனக்கு அவமானத்தில் காது சூடாகிவிட்டது. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் மூடியிருப்பேன்.

கண்காணிப்பாளர் வந்து நின்றார்.

"மேடம், நேரா உக்காருங்க."

"நேரா உக்காந்தா எழுத முடியாது சார். அதத்தான சொன்னேன்."

"அந்தப் பொண்ணு கம்ப்ளைன்ட் பண்ணுது. இன்னொரு தடவ திரும்புனீங்கன்னா பேப்பர வாங்கிருவேன்."

கத்தியிருக்கலாம். வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பயம். நேராக உட்கார்ந்தேன். பேனாவை வலது கைக்கு மாற்றினேன். வட்டம்தானே, எழுத்தா என்ன, பழகினால் வந்துவிடும் என்று எனக்கு நானே அந்த மருந்தைக் கொடுத்துக்கொண்டேன். அந்தக் கை சோறு பிசையும், கோலம் போடாது, பேனாவைப் பிடித்ததே இல்லை. ஒவ்வொரு வட்டத்தையும் எறும்பு ஊர்கிற மாதிரிதான் நிரப்பியது. அவசரப்பட்டால் மை பக்கத்து வட்டத்துக்குள் வழிந்தது. சுற்றிலும் ஒவ்வொருவராக எழுதி முடித்து நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நான் மட்டும் குனிந்தே இருந்தேன். கண்ணில் நீர் முட்டியது. அது தாளில் விழுந்தால் அதுவும் கறைதான் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மணி அடித்தது. அவர் வந்து தாளை இழுத்தார். கடைசி வரிசை முழுக்க வெள்ளையாக இருந்தது.

"சார், ரெண்டு நிமிசம் சார். விடையெல்லாம் தெரியும் சார்."

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு மேடம்" என்றார். அவர் கண்ணில் அது தெரியவும் செய்தது. ஆனால் தாள் போய்விட்டது.

தெரியாமல் தோற்றால் மனசு ஆறிவிடும். தெரிந்தும் தோற்றால் வயிறு எரிந்துகொண்டே இருக்கும். எனக்கு முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையே இருக்கவில்லை. அந்த வெள்ளை வரிசையிலேயே பார்த்துவிட்டேன். கேள்வித்தாளைக் கையில் சுருட்டிக்கொண்டு, யார் மேலும் மோதாமல் எப்படியோ படியிறங்கி வாசல் கேட்டுக்கு வந்தேன். கணவர் இன்னும் வரவில்லை.

கேட்டுக்குப் பக்கத்தில் வேப்பமர நிழலில் காவலாளி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். டீ கிளாஸை நாற்காலியின் பலகையில் வைத்தார், எடுத்தார். நான் அந்தக் கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றேன். என்னவென்று உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பலகை அவருடைய இடப்பக்கம் இருந்தது.

"அண்ணே, இந்தச் சேரு ஏது?"

"காலேசு சேருதான் தாயி. மொத்தமா வந்து எறங்குனப்ப கொஞ்சத்த மாத்திச் செஞ்சு அனுப்பிட்டாய்ங்க. பலகைய எதிர்ப் பக்கம் அடிச்சுட்டாய்ங்க. திருப்பி அனுப்பணும்னு ஒதுக்கி வச்சாங்க, அப்பறம் யாரும் கண்டுக்கல. நாந்தான் ஒண்ண எடுத்துப் போட்டுக்கிட்டேன்."

"மிச்சமெல்லாம் எங்க இருக்குண்ணே?"

"மாடிப்படிக்குக் கீழ, அந்த ரூம்ல. பூட்டிக்கூட வைக்கல. ஒண்ணுக்கும் ஆகாத சேரு, எவன் தூக்கப் போறான்?"

என் முகம் என்ன ஆனதோ, அவர் சட்டென்று எழுந்துவிட்டார்.

"என்ன தாயி, கிறுகிறுன்னு வருதா? இந்தா, உக்காருங்க, உக்காருங்க" என்று கிளாஸை எடுத்துக்கொண்டு பலகையைத் துண்டால் துடைத்துவிட்டார்.

உட்கார்ந்தேன். என் இடது கை தானாகப் போய் அந்தப் பலகையில் படிந்தது. முழங்கையிலிருந்து விரல்நுனி வரை அதற்கு இடம் இருந்தது. இடுப்பைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை. முகம் நேராக இருந்தது. கல்யாணமான பிறகு அப்படி வாய்விட்டு நான் அழுததில்லை. அவர் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டிக்கொண்டே நின்றார்.

பிறகு கேள்வித்தாளைப் பிரித்தேன். விட்டுப்போன இடத்திலிருந்து ஒவ்வொரு கேள்வியாக விடையை வட்டமிட்டுக்கொண்டே போனேன். கை மின்னலாக ஓடியது.

"தாயி, பரிச்சதான் முடிஞ்சிருச்சே" என்றார் அவர்.

"ஆமாண்ணே, முடிஞ்சிருச்சு" என்றேன். கணவரின் வண்டிச் சத்தம் கேட்டது. நான் நிமிரவில்லை, கடைசிக் கேள்வி வரை எழுதினேன். வீட்டுக்குப் போய்ச் சரிபார்த்தேன், ஒன்றுகூடத் தப்பில்லை.