மடியில் வைத்த சூடு

முதலில் தொடையில்தான் தெரிந்தது. குளித்துவிட்டு வேட்டி மாற்றும்போது பார்த்தேன். இடது தொடையின் மேல் பழுப்பு நிறத்தில் வலை வலையாக ஏதோ படர்ந்திருந்தது. அழுக்கு என்று நினைத்து சோப்புப் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. தண்ணீர் வற்றிய கண்மாயின் தரை வெடித்துக் கிடக்குமே, அது மாதிரி இருந்தது. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. வலிக்காத எதையும் நான் கண்டுகொண்டதில்லை. அந்தப் புத்திதான் என்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டது.

எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தச்சு வேலை. நான் மட்டும் கம்ப்யூட்டரில் வீட்டின் உள்ளறைகளை வரைகிறவன். சென்னை அலுவலகத்தை மூடிவிட்டு, அவரவர் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று கம்பெனி சொன்னதும் காரைக்குடிக்கே வந்துவிட்டேன். கல்யாணமும் அந்த வருடமே ஆனது. காலையில் சுவரில் சாய்ந்து, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்தால், சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். பூ வரைந்த ஓடு பதித்த எங்கள் பக்கத்துப் பூக்கல் தரை சித்திரை வெயிலிலும் ஜில்லென்று இருக்கும். கீழே அந்தக் குளிர்ச்சி இருந்ததால் மேலே மடியில் எரிந்துகொண்டிருந்தது உறைக்கவில்லை. செல்போன் வேட்டிக்குள்ளே, டவுசர் பையில் கிடக்கும்.

"தொடை வெந்துறப் போகுதுங்க" என்று என் மனைவி ஒருநாள் தலையணையைக் கொண்டுவந்து லேப்டாப்புக்கு அடியில் வைத்தாள். அந்தத் தலையணை லேப்டாப்பின் காற்றுத் துளைகளை அடைத்துக்கொண்டது. உள்ளே இருந்த விசிறி திணறிச் சத்தம் போட, சூடு இன்னும் ஏறியது. அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை. தினமும் சாப்பிட்டு முடித்ததும் அவள் தலையணையை எடுத்து நீட்டுவாள், நானும் ராஜா மாதிரி வாங்கிக்கொள்வேன்.

அப்படி உட்கார்ந்து நான் வரைந்ததில் பாதி, குழந்தைகள் அறை. கல்யாணத்துக்கு மட்டும் திறக்கிற கண்டனூர் வீடுகளுக்குக்கூட, பேரப்பிள்ளைகள் வந்தால் தங்க வேண்டும் என்று கேட்பார்கள். சுவரில் யானை, மேகம், அடுக்குக் கட்டில் என்று வரைந்து தள்ளினேன்.

எங்களுக்கு நான்கு வருடமாகியும் குழந்தை இல்லை. அம்மா என் மனைவியை ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக அழைத்துப் போனாள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். அம்மாவுக்கு ரகசியம் பேசவே வராது. கோவிலூர்க் கோயிலில் பூக்காரியிடம், "எம் மருமகளுக்குத்தான் வயித்துல என்னமோ கோளாறு" என்று கூடை கூடையாகப் பூ வைத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். என் மனைவி பக்கத்தில்தான் நின்றாள். நானும் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

கடைசியாகப் பார்த்த டாக்டரம்மா மட்டும், "அவரையும் ஒரு டெஸ்ட் கொடுக்கச் சொல்லுங்க" என்று என் மனைவியிடம் சிறிய டப்பா ஒன்றைக் கொடுத்தனுப்பினார். அதைப் பார்த்ததுமே எனக்கு எரிச்சல் வந்தது. "எனக்கென்ன கேடு?" என்றேன். ஆனால் உள்ளுக்குள் பயம் புகுந்துவிட்டது. ஊரில் தெரிந்தவர்கள் கண்ணில் படக்கூடாது என்று தேவகோட்டைக்குப் பஸ் ஏறினேன்.

ரிப்போர்ட்டில் விந்தணுக்கள் மிகக் குறைவு என்று இருந்தது. இருந்தவையும் சரியாக நகரவில்லையாம். அங்கிருந்த டாக்டர் என்னை விட வயதில் சின்னவர். என்ன வேலை, எப்படி உட்கார்ந்து பார்ப்பீர்கள், போனை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டார். பரிசோதிக்கும்போது தொடையில் இருந்த பழுப்பு வலையை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"இதெல்லாம் சூட்டுல வர்றது. இந்தச் சூடு தொடையோட நின்னிருக்காது. போன் விஷயத்துல ஆராய்ச்சிக்காரங்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரல. உங்களுக்கு இதுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன், வேற ஏதாவதும் இருக்கலாம். ஆனா சூடு ஆகாது. லேப்டாப்ப மேஜைக்கு மாத்துங்க, போனைப் பையில வைக்காதீங்க. புது அணு உருவாகி வர கிட்டத்தட்ட மூணு மாசம் ஆகும். அப்புறம் திரும்ப டெஸ்ட் எடுத்துப் பார்ப்போம்."

மூன்று மாதம் என்றதும் என் மனம் போட்ட கணக்கை இப்போது நினைத்தாலும் அருவருப்பாக இருக்கிறது. மூன்று மாதத்தில் சரியாகிவிட்டால் யாருக்குமே தெரிய வேண்டியதில்லை. ரிப்போர்ட்டைக் கிழித்து தேவகோட்டை பஸ் ஸ்டாண்டிலேயே போட்டுவிட்டு வந்தேன். முதுகு வலி என்று சொல்லி மேஜை வாங்கினேன். போனை அலமாரியில் வைத்தேன்.

"டெஸ்ட் கொடுத்துட்டீகளா?" என்று மனைவி கேட்டாள்.

"கொடுத்தாச்சு. எல்லாம் சரியா இருக்காம்."

அவள் அதை அப்படியே போய் டாக்டரம்மாவிடம் சொன்னாள். அவர் ரிப்போர்ட்டைக் கொண்டுவரச் சொன்னபோது, நாளைக்கு, மறுநாளைக்கு என்று இழுத்தடித்தேன். எனக்கில்லை என்றால் குறை அவளிடம்தான் இருக்க வேண்டும் என்று, வயிற்றில் துளை போட்டுக் கேமராவை விட்டுப் பார்க்க நாள் குறித்துவிட்டார்கள். அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் அது நின்றுவிடும் என்று தினமும் எனக்குத் தெரியும். தினமும் மேஜை முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்தேன்.

அன்று காலை ஆஸ்பத்திரியில் அவள் வளையல்களைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "பயமா இருக்குங்க" என்றாள். நர்ஸ் நீட்டிய தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தியபோது, ஓடிப்போய் நிறுத்துங்கள் என்று கத்தலாமா என்று நினைத்தேன். நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

மயக்கம் தெளிந்து அவள் கேட்ட முதல் கேள்வி, "எனக்கு என்ன குறைன்னு சொன்னாக?"

"ஒரு குறையும் இல்லையாம்."

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் தேம்பித் தேம்பி அழுதாள். "ஒண்ணு இருந்தாத்தானங்க சரி பண்ண முடியும். ஒண்ணுமே இல்லைன்னா இனி நான் எதச் சரி பண்றது?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுகை நின்றுவிட்டது.

"எப்பத் தெரியும்?"

"ரெண்டு மாசமா."

"கையெழுத்துப் போடும்போதும் தெரியும்."

தலையை ஆட்டினேன். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அத்தையக் கூப்பிடுங்க. எங்கிட்டச் சொன்னத அவுககிட்டயும் சொல்லுங்க" என்றாள்.

கதவைத் திறந்தேன். வராந்தாவில் அம்மா பக்கத்துப் பெஞ்சுக்காரியிடம் மருமகள் வயிற்றைப் பற்றித்தான் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே வந்தாள்.

"என்னவாம்? சரி பண்ணிட்டாகளா?"

"அவளுக்கு ஒண்ணுமில்லம்மா. குறை எனக்குத்தான்."

அம்மா என்னைப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள். பிறகு வேகமாகப் போய், திறந்திருந்த கதவைச் சாத்தினாள்.

"மெதுவாப் பேசுய்யா" என்றாள். "வெளிய ஆளுக இருக்காக."