பாயைத் தொட்ட இடக்கை

என் குறிப்பேட்டில் உள்ளது: "சனிக்கிழமை. இரண்டாம் பாய். பெண்கள், 57 கிலோவுக்குக் கீழ், இறுதிப் போட்டி. தொடக்கம் 11.20. வெள்ளைக்கு இரத்தம் இரு தடவை. இரண்டு நிமிடம் நாற்பத்தொரு வினாடியில் முடிவு. வெற்றி வெள்ளை."

வெள்ளை உடுத்தியிருந்தவள் எங்கள் வில்லரே பகுதி ஜூடோ கழகத்தில் பயிலும் கொரியப் பெண். என் மகளும் அங்கேதான் பயில்கிறாள். அதனால் போட்டி நாட்களில் மணிக்கூட்டு மேசை என் பொறுப்பு.

கொரியாக்காரிக்கு முப்பத்தொரு வயது. தன் நாட்டில் அணியில் இருந்தவள். தோள் கழன்று, முழங்கால் கிழிந்து, இங்கே வந்து டவுன்டவுனில் ஓர் உணவகச் சமையலறையில் இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தாள். அன்று வென்றால் மாகாண அணியில் இடம். தோற்றால் இனி அவள் பெயரை அனுப்புவதில்லை என்று பயிற்றுநர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். காலையில் எடை பார்த்தபோது முந்நூறு கிராம் கூட. ஒரு மணி நேரம் போத்தலுக்குள் எச்சில் துப்பித் துப்பி, உதடு வெடித்து, குறைத்துவிட்டு வந்தாள்.

ஜூடோவில் கை பூட்டப்பட்டவர் வலி தாங்காவிட்டால் பாயிலோ எதிராளியின் உடம்பிலோ இரண்டு தரம் தட்டுவார். அது தோல்வியை ஒப்புக்கொள்வது. எங்கள் கழகத்தில் பிள்ளைகளுக்கு முதல் நாளே பழக்குவது அதைத்தான். அவளுடைய பழைய கூடத்தில் தட்டியவளை வலிக்கும் அதே கையோடு உடனே அடுத்தவளுடன் மோத அனுப்புவார்களாம். அவள் இங்கே வந்த பிறகான என் நான்கு ஆண்டுக் குறிப்புகளில் அவள் தட்டியதாக ஒரு வரியும் இல்லை. கழுத்து நெரிபட்டு மயங்கியதாக இரண்டு உண்டு.

முதல் நிமிடத்திலேயே நீல உடைக்காரியின் நெற்றி மோதிக் கொரியாக்காரியின் புருவம் பிளந்தது. மருத்துவர் கட்டினார். மறுபடியும் வெடித்தது, மறுபடியும் கட்டினார். அதே காயம் மூன்றாம் தரம் வழிந்தால் போட்டி நீலத்துக்கு.

"தங்கச்சி, அடிபடுறது அவையள். வேர்க்கிறது உமக்கு," என்றார் பக்கத்தில் புள்ளி எழுதிக்கொண்டிருந்த மன்னார் அண்ணை.

"பேசாமல் இருங்கோ அண்ணை, நேரம் ஓடுது."

நீலம் அவளைப் பக்கவாட்டில் எறிந்து, விழுந்த வேகத்திலேயே வலக்கையைப் பிடித்துத் தன் தொடைகளுக்கிடையில் இறுக்கி, இடுப்பை உயர்த்தியது. முழங்கை எதிர்ப்பக்கமாக வளைந்தது. சத்தம் மேசைவரை கேட்டது. நடுவர் அந்தப் பக்கம், அவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்றார். ஒளிப்பதிவுக் கருவியும் அந்தப் பக்கம்தான். அவளுடைய இடக்கை என் பக்கம் கிடந்தது. அது பாயில் ஒரு தரம் விழுந்ததை நான் கண்டேன்.

நீலம் பிடியைத் தளர்த்தி நடுவரைப் பார்த்தது. நடுவர் நிறுத்தச் சொல்லவில்லை. கொரியாக்காரி எழுந்துவிட்டாள். வலக்கை கழன்ற கதவுபோலத் தொங்கியது. அரைகுறையாக எழுந்த நீலத்தின் கழுத்துப்பட்டியை இடக்கையால் பிடித்து, கணுக்காலை வாரி அடித்து, முழு உடம்போடும் மேலே விழுந்தாள். நீலத்தின் முதுகு பாயில் அறைந்தது; முதுகு முழுதாகப் பட்டால் அத்தோடு போட்டி முடிவு. மூக்கும் உடைந்தது.

"தட்டினவள்! அவள் தட்டினவள்!" நீலம் இரத்தத்தைத் துப்பிக்கொண்டு பிரெஞ்சில் கத்தியது.

நடுவர் மேசைக்கு வந்து எங்களைக் கேட்டார்.

அண்ணை தமிழில் முணுமுணுத்தார்: "வாயைத் திறக்காதையும். உமக்கு மணிக்கூடு மட்டும்தான். எங்கட பிள்ளையல்லோ."

நான் நடுவரிடம் சொன்னேன்: "ஒரு தரம் கை விழுந்தது. பிறகு மணிக்கூட்டைப் பார்த்தேன்."

அது உண்மைதான். இருபது ஆண்டுகளாக எதையும் நேரத்தோடு எழுதிப் பழகியவள் நான். முழங்கை முறிந்த சத்தம் கேட்டு, கை ஒரு தரம் விழுந்ததும் என் கண் தானாக நேரத்துக்குப் போய்விட்டது. கை ஒரு தரம் விழுந்தால் அது தட்டியதாகக் கணக்கில்லை என்று நடுவர் முடிவு சொன்னார். அவள் இடக்கையை உயர்த்தி வணங்கிவிட்டு, பாயின் ஓரத்தில் வாந்தி எடுத்தாள்.

முழங்கைக்கு இரண்டு அறுவைச் சிகிச்சைகள். அணிப் பட்டியலில் அவள் பெயர் வந்தது. அந்த அணிக்காக அவள் ஒருமுறைகூடப் பாயில் இறங்கவில்லை. கத்தியையும் இப்போது இடக்கையால்தான் பிடிக்கிறாள். ஒருநாள் உணவகத்தின் பின்வாசலில் நேரடியாகவே கேட்டேன். அவள் பிரெஞ்சில் சொன்னாள்: "சத்தம் கேட்டது. பிறகு அவள் என் காலடியில் கிடந்தாள். இடையில் என்ன நடந்ததென்று என்னிடம் கேட்காதே. நீதானே அங்கே இருந்தாய்?"

நீலத்தின் உறவினர் ஒருவர் என் பக்கத்துப் பார்வையாளர் படிக்கட்டிலிருந்து கைபேசியில் படமெடுத்ததாகச் சொல்கிறார்கள். இரண்டு தரம் கேட்டு எழுதினேன், பதில் இல்லை. அவள் இடக்கை இரண்டாம் தரமும் பாயில் விழுந்ததா என்பதை என்னால் இன்னும் உறுதிப்படுத்த முடியவில்லை.