கனடாவுக்குப் போகாத மகள்

என் மகள் ஒரு வருடம் கனடாவில் இருந்தாள் என்று அவளுடைய பள்ளிக்கூடப் பதிவில் இருக்கிறது. அவள் கனடாவை விமானத்திலிருந்துகூடப் பார்த்ததில்லை. அந்த வருடம் முழுவதும் லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் வீட்டு மாடி அறையில்தான் இருந்தாள். காலையில் இருட்டோடு கிளம்பிப் போய், பின்னேரம் சேறும் சகதியுமாகத் திரும்பி வந்தாள். அவளைக் கனடாவுக்கு அனுப்பியது நான்.

அவள் உதைபந்தாட்டத்தில் கோல் கீப்பர். பதினொரு வயதில் தொடங்கியது. கிழமையில் இரண்டு நாள் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போய் விடுவது என் பொறுப்பு. பகல் முழுக்க பஸ் ஓட்டிவிட்டு, பின்னேரம் காரும் ஓட்டுவேன். அவள் மைதானத்தில் நிற்க, நான் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு வானொலியில் செய்தி கேட்பேன். குளிர் என்று சொல்லிக்கொள்வேன். வெயில் காலத்திலும் கண்ணாடியை இறக்கியதில்லை. இந்த விளையாட்டெல்லாம் பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஏ லெவல் படிப்பு வரைக்கும்தான், பிறகு தானாக ஓய்ந்துவிடும் என்பது என் கணக்கு.

ஓயவில்லை. பதினேழு வயதில், ஏ லெவல் முதலாம் வருடம் முடிந்த கையோடு, ஒரு கழகத்தின் பெண்கள் அக்கடமியில் அவளை ஒரு வருடத்துக்கு எடுத்தார்கள். பயிற்சி எல்லாம் பகல் நேரம். படிப்பென்று ஒரு சின்ன விளையாட்டுப் பாடநெறி இருந்தது. ஏ லெவல் இல்லை. வருட முடிவில் பிடித்தால் ஒப்பந்தம், பிடிக்காவிட்டால் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். நான் முடியாது என்று குதித்தேன். மனைவி, "ஒரு வருசம்தானே, போகட்டும். போகாட்டி ஆயுள் முழுக்க எங்களைச் சொல்லிக்கொண்டிருப்பா" என்றாள். மகள் அதற்குள் தன் பக்கத்து வேலையை முடித்திருந்தாள். பள்ளியின் மேல்வகுப்புப் பொறுப்பாசிரியரிடம் பேசியிருந்தாள். பெற்றோர் காரணத்தை எழுத்தில் தந்தால் ஒரு வருடம் இடத்தை வைத்திருப்போம், திரும்பி வந்து இரண்டாம் வருடத்தில் சேரலாம் என்று அவர் சொல்லியிருந்தார்.

"அப்பா, நீங்கள் ஒரு மெயில் போட்டால் சரி" என்றாள்.

அந்த ஒரு மெயிலில்தான் எல்லாம் கெட்டது.

அந்தப் பள்ளி அலுவலகத்தில் எங்கள் ஆள் ஒருவர் வேலை செய்கிறார். பக்கத்து ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கும் பெண். என்னைவிடப் பத்து வயது இளையவர். நாங்கள் போகும் கோயிலுக்குத்தான் வருவார். மெயில் அவர் கையில்தான் முதலில் விழும். பெட்டைப்பிள்ளை படிப்பை விட்டுவிட்டுப் பந்தடிக்கப் போனாள் என்ற கதை வெள்ளிக்கிழமைப் பூசைக்குள் எங்கள் நியூஹாம் பகுதி முழுக்கப் பரவிவிடும் என்று நினைத்தேன். அவள் வென்றால் கண்ணூறு, நாவூறு படும். தோற்றால் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். எங்கள் சனத்தில் ஒரு காரியம் முடியும்வரை வாய் திறக்காமல் இருப்பதுதான் வழக்கம். விசா வரும்வரை பயணத்தைச் சொல்ல மாட்டோம், வீடு கையெழுத்தாகும்வரை வீடு பார்ப்பதையே சொல்ல மாட்டோம். நானும் சாப்பாட்டு இடைவேளையில், பஸ் கராஜ் கன்ரீனில் இருந்துகொண்டு, குடும்பத்தோடு ரொறன்ரோவுக்குக் குடிபெயர்கிறோம், மகளை விலக்கிக்கொள்கிறோம் என்று எழுதி அனுப்பினேன். ரொறன்ரோவில் என் தமக்கை இருக்கிறா. பொய்க்கு அந்த அளவு ஆதாரம் இருந்தது. மகளிடம் "போட்டாச்சு" என்றேன். அவள் நன்றி சொன்னாள்.

மே மாதக் கடைசியில் கழகத்தில் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவளோடு இருந்த இன்னொரு கோல் கீப்பருக்கு ஒப்பந்தம்; இவளுக்கு இல்லை. உயரம் போதாதாம். வீட்டுக்கு வந்து, காலுறையைக்கூடக் கழற்றாமல் குசினியில் இருந்து சோறு சாப்பிட்டாள். அழவில்லை. சோற்றில் ஊற்றிய குழம்பைப் பார்த்தபடி, "பரவாயில்லை அப்பா, ஸ்கூல்ல இடம் இருக்குத்தானே" என்றாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பள்ளியில் நேரில் போய்ப் பேசினால் சரிப்படுத்திவிடலாம், அவளுக்குத் தெரியாமலே முடிந்துவிடும் என்று நம்பினேன்.

பேச்சுக்கு ஆயத்தமும் செய்தேன். கன்ரீனில் யாரோ ஒருவரின் பிள்ளையைப் பற்றியது போலக் கதையைச் சொன்னேன்; ஒருவன், "ஆட்டம் ஆடித் தோற்றவர்களுக்கு எதற்கு இடம், ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு அதைக் கொடுக்கலாமே" என்று சொன்னபோது அவனோடு மல்லுக்கட்டினேன். பதினேழு வயதில் ஒரு கதவு திறந்தால் பிள்ளை எட்டிப் பார்க்கத்தான் செய்யும். அந்தக் கதவு சாத்தினால், பழைய கதவையும் சாத்த வேண்டுமா? எடுபடாதவர்களைத் திரும்பச் சேர்க்காவிட்டால், பணக்காரப் பிள்ளைகள் மட்டும்தான் முயன்று பார்க்க முடியும். இதையெல்லாம் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்துவைத்தேன். இன்றைக்கும் அதில் ஒரு வார்த்தையைக்கூட மாற்ற மாட்டேன்.

தனியே போகத்தான் நினைத்தேன்; மகளையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள். பொறுப்பாசிரியர் மாறியிருந்தார். புதிதாக வந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. மரியாதையாக எங்களை உட்காரவைத்தார். நான் எடுத்த எடுப்பிலேயே பொரிந்து தள்ளினேன். கதவு, பணக்காரப் பிள்ளைகள், எல்லாம். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, தானும் அப்படியே நினைப்பதாகச் சொன்னார். போன வருடம் நீச்சலுக்குப் போன ஒரு மாணவன் திரும்பி வந்திருக்கிறான், இப்போதும் சிலருக்கு இடம் வைத்திருக்கிறோம் என்றார். பிறகு கணினித் திரையைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் என் மெயிலை வாசித்தார்.

"குடும்பத்தோடு ரொறன்ரோவுக்கு" என்ற இடத்தில் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுதத் தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

"விளையாடப் போனதால் உங்கள் மகள் இடத்தை இழக்கவில்லை" என்றார் அந்தப் பெண்மணி. இரண்டாம் வருட இரசாயன வகுப்பு நிரம்பிவிட்டது; ஆய்வுகூடத்தில் அதற்கு மேல் ஆள் வைக்க அனுமதியில்லை. புது மாணவியாக விண்ணப்பிக்கலாம். அப்படியென்றால் முதலாம் வருடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அதுவும் ஆகஸ்ட்டில் பரீட்சை முடிவுகள் வந்து, இடம் மிஞ்சினால்.

வெளியே வந்ததும் மகள் எனக்காக நிற்காமல் வாசலுக்குப் போய்விட்டாள். அலுவலகத்துப் பெண் என் பின்னால் வந்தார்.

"அண்ணை, பிழையா நினைக்காதேங்கோ. உங்கட மெயிலை நான்தான் பதிஞ்சனான். கனடா எண்டு பதிஞ்சுபோட்டு, அடுத்த கிழமை ஃபாரஸ்ட் கேட் ஸ்ரேசனில பிள்ளையைக் கண்டனான். முதுகில பெரிய பை, கையுறை ரெண்டும் வெளியில தொங்குது. பிறகு வருசம் முழுக்க, கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் கண்டனான்."

"ஒருத்தரிட்டையும் சொல்லேல்லையோ?" என்று கேட்டேன்.

"நான் ஏன் சொல்லப்போறன்? அது உங்கட வீட்டு விசயம். கேட்டால் வேவு பாக்கிறன் எண்டு நினைப்பியள் எண்டு உங்களிட்டையும் கேக்கேல்லை. ஆனா நீங்கள் என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருந்தால், உண்மையை எழுதுங்கோ, இடம் வைப்பினம் எண்டு சொல்லியிருப்பன்."

அவர் முகத்தில் ஏளனம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கம் இருந்தாள். நான் நாவூறு, சனம், கோயில் என்று எதையெதையோ சொன்னேன். அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் போதாது. "அப்பா, அவர்கள் ஒரு வருடம் என்னைப் பார்த்துவிட்டுத்தான் வேண்டாம் என்றார்கள். நீங்கள் ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை."

காரின் கண்ணாடி ஞாபகத்துக்கு வந்தது. நாவூறுக்குப் பயந்தேன் என்று அன்றுவரை எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மைதான். அவள் தோற்றுத்தான் வருவாள் என்று, அவள் தொடங்கும் முன்பே முடிவு கட்டியிருந்தேன். அதனால்தான் மறைத்தேன்.

மனைவி விசயம் அறிந்ததும் சத்தம் போடவில்லை. அதைவிட மோசம். ஒவ்வொரு நேரமும் சாப்பாட்டுக் கோப்பையை என் முன்னால் வைத்து, "கனடாவில இப்ப சரியான குளிராமே?" என்று விசாரித்தாள். ஜூலை மாதத்திலும் விசாரித்தாள். மகள் முதல் கிழமை சிரிக்கவில்லை. பிறகு ஒரு நாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். மூக்கின் மேல் கோபம் உள்ளவன் என்று பெயர் எடுத்த நான் அந்தக் கோடை முழுவதும் கோபப்படவில்லை.

விண்ணப்பப் படிவத்தில், முன்பு படித்த இடத்தை விட்டதற்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதை அவளே நிரப்பினாள். கழகம், உதைபந்தாட்டம், ஒப்பந்தம் கிடைக்கவில்லை. நான் கீழே கையெழுத்து மட்டும் போட்டேன். ஆகஸ்ட் முடிவுகள் வந்த பிறகும் பதில் வரவில்லை. செப்ரெம்பர் முதல் கிழமைதான் அலுவலகத்துப் பெண் தொலைபேசியில் கூப்பிட்டு, முதலாம் வருடத்தில் ஓர் இடம் மிஞ்சியிருக்கிறது என்றார். பதினெட்டு வயதில், பதினாறு வயதுப் பிள்ளைகளோடு மகள் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். படித்த பாடத்தையே திரும்பப் படிக்கிறாள். அவளோடு முன்பு படித்தவர்கள் அந்த மாதமே பல்கலைக்கழகம் போய்விட்டார்கள். சனிக்கிழமைகளில் ஒரு சின்னக் கழகத்துக்கு விளையாடுகிறாள். நான் போய்க் கோலுக்குப் பின்னால் நிற்கிறேன். உண்மையாகவே குளிர்கிறது.

அவள் வகுப்பில் சேர்ந்த செப்ரெம்பரிலேயே ஒரு வெள்ளிக்கிழமை, கோயில் வாசலில் ஊரில் என்னோடு படித்த ஒருவரைக் கண்டோம். மகளும் பக்கத்தில் நின்றாள்.

"மகள் இப்ப என்ன செய்யிறா?" என்று கேட்டார்.

"உதைபந்தாட்டத்துக்குப் போனவ. எடுக்கேல்லை. இப்ப திரும்பப் பள்ளிக்கூடம் போறா" என்றேன்.

"ஃபெர்ஸ்ட் இயர், அங்கிள்" என்றாள் மகள்.

"அப்பிடியே, நல்லது" என்றார் அவர். "பின் ரோட்டில காரை விட்டிட்டு வந்தனான். பார்க்கிங் ரிக்கற் அடிச்சுப் போடுவாங்களோ?"

அடிப்பார்கள், எடுத்துவிடுங்கோ என்றேன். அவர் அவசரமாகப் போனார். எல்லாம் சேர்த்து அரை நிமிடம்கூட ஆகவில்லை. அந்த அரை நிமிடத்துக்குப் பயந்துதான் நான் அவளைக் கனடாவுக்கு அனுப்பியிருந்தேன்.