மச்சினன் நின்ற படங்கள்

பேய், ஆவி, சகுனம் எதுவும் என்னிடம் ஒட்டாது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு லாரி கிளீனராக ஊர் ஊராகச் சுற்றியவன் நான். சுடுகாட்டு மதிலோரம் வண்டியை நிறுத்தித் தார்ப்பாய்க்குள் சுருண்டு நன்றாகத் தூங்கியிருக்கிறேன், பசி எழுப்பியிருக்கிறதே தவிர வேறு எதுவும் என்னை எழுப்பியதில்லை. அதனால் நீங்கள் இதைக் கேட்டுச் சிரித்தாலும் எனக்கு வருத்தம் இல்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

இப்போது குடித்தனம் திருநின்றவூரில். வாடகை குறைவு, ரயில் இருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் மரப்பெட்டி அடிக்கும் சின்னப் பட்டறையில் வேலை. மெஷின் சாமான்களுக்குத்தான் பெட்டி, ஆனால் நடுவில் எப்படியோ ஓவியக் கூடங்களிலிருந்து ஆர்டர் வர ஆரம்பித்தது. படங்களை டெல்லி, பம்பாய் என்று அனுப்பப் பெட்டி வேண்டுமாம். டெம்போவில் கொண்டுபோய் இறக்குவது என் பொறுப்பு. நுங்கம்பாக்கம், ஆழ்வார்பேட்டை, அடையாறு என்று ஊருக்குள் இத்தனை படக்கூடங்கள் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். டிக்கெட் கிடையாது, உள்ளே ஏசி, எவ்வளவு நேரம் நின்று பார்த்தாலும் யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

என் மனைவி ஸ்டெல்லாவுக்கு ஒரே தம்பி, அருள். அப்பா அம்மா போனபிறகு இவள்தான் வளர்த்தாள், எங்களோடுதான் இருந்தான். பாடியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். அந்த வேலை போனதை வீட்டில் சொல்லாமல் தினம் காலையில் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, ரயிலிலேயே அங்கும் இங்கும் போய்வந்து, சாயங்காலம் சரியான நேரத்துக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்திருக்கிறான். கூட வேலை செய்த ஒருவன் கடைத்தெருவில் ஸ்டெல்லாவைப் பார்த்து, அருளுக்கு வேறு இடம் கிடைத்ததா என்று விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. சாப்பிட்டுப் படு, காலையில் பேசலாம் என்றுதான் சொன்னாள். விடிந்தபோது அவன் இல்லை. போன் தலையணைமேல் கிடந்தது, தோள்பை மட்டும் இல்லை. அந்தப் பையின் அடி கிழிந்ததென்று முந்தின வாரம்தான் தன் பழைய பச்சை ஜாக்கெட் துணியை வைத்துத் தைத்துக் கொடுத்திருந்தாள்.

போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம், ஆஸ்பத்திரிகளில் தேடினோம். ஸ்டெல்லா செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோனியார் கோயிலுக்குப் போனாள். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் அவர்தான் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. சாவி, கம்மல், ரேஷன் கார்டெல்லாம் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். நான் வெளியே நின்று டீ குடிப்பேன்.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை எழும்பூரில் போலீஸ் பெரிய ஆபீசில் ஒரு மனு கொடுக்க அவளையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனேன். வழியில் நுங்கம்பாக்கத்துக் கூடத்தில் பெட்டி இறக்க வேண்டியிருந்தது. வெயிலில் உட்காராதே, உள்ளே வந்து நில் என்றேன். நான் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பினால், அவள் ஒரு பெரிய படத்துக்கு முன்னால் நிற்கிறாள். சென்ட்ரல் பிளாட்பாரம், ஒரே கூட்டம், முகம் எதுவும் தெளிவாக இல்லை.

“ஏங்க, அருளு.”

கூட்டத்துக்குப் பின்னால் தூண் ஓரமாக ஒருவன் நிற்கிறான். இடது கையை முதுகுப்பக்கம் கொண்டுபோய் வலது முழங்கையைப் பிடித்தபடி. சின்ன வயதில் கை உடைந்து கட்டுப் போட்டதிலிருந்து அருள் அப்படித்தான் நிற்பான். எனக்கும் திக்கென்றுதான் இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

“ஆயிரம் பேர் நின்னுகினு கீறாங்க. எல்லாரும் உன் தம்பியா?”

“ஆயிரம் பேர் நிக்கட்டும். நான் வளத்தது இவன்தான்.”

அந்தக் கூடத்து அம்மா நல்ல மனுஷி, வரைந்தவருக்குப் போன் போட்டே கொடுத்தார். அவர் பாண்டிச்சேரிக்காரர். எல்லாம் கற்பனை ஆட்கள், ஒருத்தரையும் பார்த்து வரையவில்லை என்றார்.

அதற்கப்புறம் பெட்டி இறக்கப் போகும் இடத்துக்கெல்லாம் அவளும் வர ஆரம்பித்தாள். சரி, அழுதுகொண்டு வீட்டில் கிடப்பதற்கு இது மேல் என்று விட்டுவிட்டேன். ஆழ்வார்பேட்டையில் ஒரு படம், பாடி மேம்பாலம், மழை, லாரிகள். பாலத்துக்கு அடியில் அதே நிற்பு. வரைந்த பெண் அங்கேயே இருந்தாள், சின்ன வயசு. காரிலிருந்து எடுத்த போட்டோவைப் பார்த்து வரைந்ததாம். அந்த போட்டோவையும் காட்டினாள். பாலத்துக்கு அடியில் யாரும் இல்லை. அந்த இடம் காலியாக இருந்தது, ஒரு ஆளை வைக்கணும்னு தோணுச்சு என்றாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது.

“வீட்டுக்கு வந்துகினு கீறான்,” என்றாள் ஸ்டெல்லா வெளியே வந்ததும். “சென்ட்ரல்ல இருந்து பாடி வந்துட்டான் பாரு.”

எனக்கு அன்றைக்குக் கவலை அருளைப் பற்றி இல்லை, இவளைப் பற்றி.

நம்பினால் நம்புங்கள், அடுத்ததுதான் என்னை ஆட்டிவிட்டது. அடையாறில் ஒரு வயதான ஓவியரின் பழைய படங்களை மாட்டியிருந்தார்கள். அதில் ஒன்று, எங்கள் ஊருக்குக் கொஞ்சம் முன்னால் வரும் ஆவடி ரயில்நிலையத்துக்கு வெளியே மாலை வெயில். சைக்கிள் நிறுத்தும் இடத்தில் அவன், முழங்கையைப் பிடித்தபடி. காலடியில் பை. பையின் அடியில் பச்சையாக ஒரு ஒட்டு. நான் கிட்டே போய் மூக்கு இடிக்கிற மாதிரி பார்த்தேன், பச்சைதான். பெரியவரிடம் கேட்டேன். எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னாலேயே அதை வரைந்துவிட்டாராம். அந்தப் பச்சைத் துணி அப்போது ஜாக்கெட்டாகக்கூட ஆகியிருக்காது. பெரியவரிடம் இதை எப்படிச் சொல்வது, நன்றாக இருக்கிறது ஐயா என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கு ரயிலில் ஸ்டெல்லா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள், அவன் போனதிலிருந்து அவள் அப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை. எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது.

கடைசியாகப் பார்த்தது கையகலப் படம். மறுபடி அதே நுங்கம்பாக்கத்துக் கூடம், வேறு யாரோ வரைந்தது. நீலக் கதவு, வாசலில் ஒரு ஜோடி செருப்பு, ஆள் இல்லை. எங்கள் வீட்டுக் கதவு நீலம். நீலக் கதவு ஊரில் எத்தனையோ இருக்கும், அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் வாசலுக்குப் போய்விட்டாள். டெம்போவை அங்கேயே விட்டுவிட்டு, முதலாளியிடம் ஏதோ பொய் சொல்லிவிட்டு, ரயில் பிடித்து வந்தோம். வெயில் தாழ்ந்திருந்தது. எங்கள் வாசலில் செருப்பு கிடந்தது. பக்கத்து வீட்டக்கா கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு அருள் படியில் உட்கார்ந்திருந்தான். இளைத்துப் போயிருந்தான்.

ஸ்டெல்லா அவனை அடிக்கவும் இல்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. “டீ ஆறிப்போச்சு பாரு, குடு, சூடு பண்ணித் தரேன்,” என்று டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய், அடுப்படியில் நின்று அழுதாள்.

ஓசூரில் ஒரு லேத் பட்டறையில் இருந்தானாம். ஊர்ப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, அன்றைக்குத்தான் பஸ் ஏறினானாம். நான் விடவில்லை. சென்ட்ரலில் நின்றாயா, பாடியில் நின்றாயா என்று கேட்டேன்.

“மனசுலதான் மாமா வருவேன். படுத்துகினு யோசிப்பேன், சென்ட்ரல்ல இறங்குற மாதிரி. அப்புறம் பயந்துகினு திரும்பிடுவேன். இன்னொரு நாளு பாடி வரைக்கும் வருவேன். ஆவடி வரைக்கும் வந்துட்டு, அக்கா மூஞ்ச எப்பிடிப் பாக்குறதுன்னு அப்பிடியே நின்னுடுவேன். உனக்கு யார் சொன்னது?”

யார் சொன்னது என்று நான் சொல்வது?

இப்போது அவன் வானகரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறான். ஸ்டெல்லாவுக்கு மட்டும் படம் பார்க்கும் பழக்கம் விடவில்லை, எனக்கும் அவளோடு போகப் பிடித்துப்போனது. இந்த மாடு நன்றாக இருக்கிறது, இதை வரைந்தவன் பசியோடு வரைந்திருக்கிறான், இது நம் வீட்டு ஃபிரிட்ஜுக்கு மேலே மாட்டினால் எடுப்பாக இருக்கும் என்று அவள் சொல்லிக்கொண்டே வருவதைக் கேட்டுக்கொண்டு நடப்பது ஒரு சுகம்.

கொஞ்ச நாள் முன்னால் கடற்கரைச் சாலையில் ஒரு கூடத்துக்குப் போயிருந்தோம். நான் தண்ணீர் குடிக்க நின்றேன், அவள் எனக்கு முன்னால் கடைசி அறைக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்து என் மார்பில் கையை வைத்துத் தடுத்தாள்.

“உள்ள ஒண்ணும் இல்ல. வா, போலாம்.”

அவள் தலைக்கு மேலே ஒரு சட்டத்தின் விளிம்பு மட்டும் எனக்குத் தெரிந்தது. ரயிலில் வீடு வரும்வரை என் மணிக்கட்டை விடவில்லை. என்ன பார்த்தாய் என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன், படம் நல்லா இல்லை என்பதோடு சரி. கண்காட்சி முடிந்து அந்த அறைப் படங்களுக்கு நான்தான் பெட்டி கொண்டுபோனேன். எல்லாம் காகிதம் சுற்றித் தயாராக இருந்தன. பிரித்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை, மூடி வைத்து ஆணி அடித்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு ஒரே இடத்தில் கால் தரிக்காது, எப்போதும் அப்படித்தான். அந்தச் சமயம் சூரத்தில் வேலை இருக்கிறது என்று பழைய லாரிக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, வீட்டில் வாயே திறக்கவில்லை. ஆனால் டெம்போ ஓட்டும்போதெல்லாம் மனதுக்குள் நான் பையோடு போய் அந்த ஊர் ஸ்டேஷனில் இறங்கி நிற்பேன்.

இப்போதெல்லாம் காலையில் என்னை ரயில் ஏற்ற அவளும் கூட வருகிறாள். போன வாரம் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தோம். என் சட்டைக் காலரைச் சரிசெய்தபடி, சும்மா கேட்பதுபோல்தான் சொன்னாள்.

“சூரத்துல இப்போ குளிராமே. போறதா இருந்தா கம்பளி எடுத்துகினு போ. சொல்லிட்டுப் போ.”