மச்சானுக்கு வாய்த்த கிருமி

என் மனைவியின் அண்ணனுக்கு என்னைவிட நல்ல நோய் வந்தது. இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பரிசோதனை முடிவைச் சொன்ன அன்று நான் சிரிக்கவில்லை.

மச்சானும் நானும் ஒரே வயது. இருவரும் பரளச்சிப் பக்கம் கரிமூட்டம் போட்டவர்கள். வேலிக்கருவையை வெட்டி அடுக்கி, வைக்கோல் பரப்பி, மேலே ஈரமண் பூசித் தீ வைத்தால், உள்ளே நாள்கணக்கில் மெதுவாக வெந்து கரியாகும். பூச்சு வெடித்த இடத்தில் புகை வரும். மேலே ஏறி நின்று அதை அடைக்க வேண்டும். அடைக்கிறவன் புகையைத் தின்றே ஆக வேண்டும்.

நான் எட்டாவதைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் ஊராகத் திரிந்தவன். போர்வெல் வண்டியில் ஆந்திரா, முறுக்குக் கம்பெனியில் பம்பாய், பாலக்காட்டில் செங்கல் சூளை. எங்கும் நிலைக்கவில்லை. கை காய்ந்ததும் ஊருக்கு வந்து மச்சானோடு மூட்டத்தில் நிற்பேன். அவன் விருதுநகரைத் தாண்டி வேலைக்குப் போனதில்லை. ஆனாலும் எல்லாம் அவனைத் தேடி வந்தது. அவன் காட்டில் போர் போட்டால் நல்ல தண்ணீர், என் காட்டில் உப்பு. அவன் மகன் வெளியூரில் சம்பாதித்து வீட்டுக்கு பிரிட்ஜ் வாங்கிப் போட்டான். என் மகன் போன் மட்டும் போட்டான். "எங்கண்ணனைப் பாருங்க" என்பதுதான் கல்யாணமான நாளிலிருந்து நான் அதிகம் கேட்ட வாக்கியம்.

இருமல் மட்டும் இருவருக்கும் சமமாக வந்தது. விடிந்தால் சளி, நாலு எட்டு நடந்தால் மூச்சு. அருப்புக்கோட்டையில் பார்த்துத் தீராமல் மதுரைக்குப் போனோம். இருவர் சளியையும் டப்பியில் வாங்கிக்கொண்டார்கள். அவன் சளியில் ஒரு கிருமி இருந்தது. காசநோய்க் கிருமிக்குப் பங்காளி முறையாம், மண்ணிலும் தண்ணீரிலும் கிடப்பதாம். என் சளியில் ஒன்றும் இல்லை. புகையால் குழாய்கள் சுருங்கிவிட்டன என்று சொல்லி, வாயில் வைத்து இழுக்கிற பம்ப்பைக் கொடுத்தார்கள்.

"நானும் அதே புகையத்தானம்மா குடிச்சேன்?" என்றேன்.

"கிருமி இல்லைன்னா நல்லதுதானேய்யா? சந்தோஷப்படுங்க" என்றார் டாக்டரம்மா.

திரும்பும்போது பஸ்ஸில் மச்சான் என் விலாவில் இடித்தான். "என்ன மாப்ள, மூஞ்சி தொங்குது? வேணும்னா கிருமியில பாதி தாரேன்."

அவனுக்குக் கொடுத்த மாத்திரைகளுக்குக் கிருமி மசியவில்லை. மாதங்கள் ஓடின. அப்புறம்தான் அந்தப் புது மருந்து வந்தது. ஆஸ்பத்திரியே ஏதோ ஓர் அறக்கட்டளை வழியாக ஏற்பாடு செய்தது. பழைய மருந்துதான், ஆனால் ஊசியாகப் போட்டால் உடம்பெல்லாம் பரவிக் காதைக் கெடுத்துவிடுமாம். அதனால் கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழிகளுக்குள் மருந்தைப் பொதிந்து, ஆவியாக நெஞ்சுக்குள் இழுக்கும்படி செய்திருக்கிறார்கள். குமிழி கிருமி பதுங்கியிருக்கும் இடத்துக்கே போய், மெல்ல மெல்ல மருந்தை விடும். டாக்டரம்மா இதைச் சொன்னபோது மச்சான், "நம்ம மூட்டந்தாம்மா. மேல்பூச்சு நின்னாத்தான் உள்ள நிதானமா வேகும்" என்றான். "அட, சரியாச் சொன்னீங்க" என்று அவர் அவனைப் பாராட்டினார். மூட்டம் போட்டவன் நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

தினமும் காலையில் அவன் வீட்டுக்குப் போய் உட்காருவேன். நலம் விசாரிக்க என்று என் மனைவி நினைத்தாள். உண்மையில் அந்த மருந்தைப் பார்க்கப் போனேன். பிரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்துக் குளிர் விட்டதும், தண்ணீர் விட்ட பால் போன்ற அதைக் கருவியில் ஊற்றுவான். அது மெல்ல இரையும். வாயில் வைத்து மூச்சு இழுப்பான். கொஞ்ச நாளில் மருந்து அவன் தொண்டையைக் கட்டியது. கரகரத்த குரலில் அவன் பேசினால் ஊரே உற்றுக் கேட்டது. அந்தக் குரல்கூட எனக்கு வேண்டியிருந்தது.

சளி குறைந்து சோறு இறங்கியது அவனுக்கு. பஸ் ஸ்டாப்புக்கு எனக்கு முன்னால் நடந்துபோய், கண்மாய்க்கரையில் நின்று நின்று வரும் என்னைப் பார்த்து, "ஏலே, பஸ்ஸ நிப்பாட்டி வைக்கவா?" என்று கத்துவான். அவன் சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் அவ்வளவு வேகமாக நடக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

ஒரு காலை, பாதியில் கருவியை வாயிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினான்.

"இந்தா மாப்ள. மிச்சம் உனக்கு."

"எனக்குக் கிருமி இல்லைன்னாகளே."

"ஒரு டப்பி சளியில என்னத்தக் கண்டாக? ஒரே மூட்டத்துல நின்ன நெஞ்சு. எனக்கு இருந்தா உனக்கும் இருக்கும். நீ பாக்குற பார்வையில எனக்கு மருந்து இறங்க மாட்டேங்குதுலே."

மூட்டத்தில் கூட்டுச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கரியில் மட்டுமல்ல, கஞ்சியிலும் பீடியிலும் காய்ச்சல் மாத்திரையிலும் ஆளுக்குப் பாதி. யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள், யாரும் மறுக்கவும் மாட்டார்கள். நான் வாங்கி இழுத்தேன். குடல் வெளியே வருவதுபோல இருமினேன். இருமி முடித்ததும் நெஞ்சு திறந்துவிட்டதாகத் தோன்றியது. மறுநாளும் போனேன். அதன்பின் அதுவே வழக்கமாயிற்று.

காட்டிக்கொடுத்தது தொண்டை. ஒருநாள் என் வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்டேன். என் மனைவி, "வாங்கண்ணே" என்று செம்போடு வந்தவள் அப்படியே நின்றாள்.

"என்னங்க, எங்கண்ணன் வந்துட்டாகன்னு ஓடியாந்தா நீங்க நிக்கிறீக? குரல் ஏன் அவுகளுக்கு மாதிரியே கெடக்கு?"

"பனி" என்றேன். சித்திரை மாதம் அது.

மறுநாள் கருவி என் வாயில் இருக்கும்போது உள்ளே வந்துவிட்டாள். முதலில் அண்ணனைப் பிடித்தாள்.

"ஏண்ணே, இது என்ன பீடியா, ஆளுக்குப் பாதி இழுக்க?"

"மாப்ள ஏங்கிப் போயிருந்தாருத்தா."

"அவுக எதுக்குத்தான் ஏங்கல? உன் வீட்டு பிரிட்ஜுக்கும் ஏங்குனாக. அதையும் அறுத்துப் பாதி குடுப்பியா?"

அந்த மாதப் பரிசோதனைக்கு அவளும் கூட வந்தாள். அவன் சளியில் கிருமி அப்படியே இருந்தது. நடக்கத் தெம்பு வந்ததே தவிர, கிருமி சாகவில்லை. அவளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

"பாதி மருந்துல கிருமி சாகாது. பழகிக்கும். பழகிருச்சுன்னா அப்புறம் இவருக்குக் குடுக்க எங்கிட்ட வேற மருந்து இல்ல." என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு இது எதுக்குமே ஆகாது. காதுதான் போகும். இனி பாதின்னு கேள்விப்பட்டா நிறுத்திருவேன்" என்றார். தினமும் முழு மருந்தும் போகிறதா என்று பார்க்க வீட்டில் ஓர் ஆள் வேண்டும் என்றார்.

"இவுக உக்காருவாக. வேலையத்துத்தான இருக்காக" என்றாள் என் மனைவி.

அப்படித்தான் அந்தக் காவல் எனக்கு வந்தது. எதிரே உட்கார்ந்து, பால் நிற மருந்து கடைசிச் சொட்டுவரை மச்சானுக்குள் போவதைப் பார்ப்பேன். பாதி வந்ததும் பழக்கத்தில் அவன் கை என் பக்கம் நீளும். "இழு" என்பேன். அவ்வளவு கடினமான வேலையை நான் எந்த ஊரிலும் செய்ததில்லை.

மழைக்காலத்தில் ஒரு பரிசோதனை சுத்தமாக வந்தது. அதற்கடுத்ததும் சுத்தம். இதற்குப் பிறகும் ஒரு வருடம் இழுக்க வேண்டும் என்றார்கள். வெளியே வந்ததும் மச்சான் என் தோளில் கை போட்டான்.

"நம்ம சளி சுத்தமாயிருச்சு மாப்ள."

அதிலும் எனக்குப் பாதி கொடுத்தான். பஸ் ஸ்டாண்டுக்கு அவன் முன்னால் நடந்தான். நான் நின்று, சட்டைப்பையிலிருந்த என் பம்ப்பை எடுத்து இழுத்துக்கொண்டு பின்னால் போனேன்.