டச்சுத் தோட்டா இல்லை, த்ரீ நாட் த்ரீ

கன்னியப்பன் அண்ணன் போய்விட்டார். ஆயுதப்படை போலீஸில் ரிட்டையர்டு ஆகி, பழவேற்காடு பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீக்கடை வைத்திருந்தவர். இன்று மத்தியானம்... நெஞ்சுவலி.

அழ வேண்டிய நேரத்தில் எனக்கு அருவருப்புதான் வருகிறது. காரணம், கடை ஷட்டரில் பசங்க கட்டியிருக்கும் ஃப்ளெக்ஸ்.

"டச்சுத் தோட்டா புகழ் கன்னியப்பன்" என்று கொட்டை எழுத்து. பக்கத்தில் நெட்டில் எடுத்த தோட்டா படம். அதுவும் எஸ்.எல்.ஆர். துப்பாக்கித் தோட்டா... த்தூ!

அண்ணன் கடை அலமாரியில் காலித் தோட்டா இரண்டு இருக்கும். ஏரிச் சேற்றில் எறா தடவியவர்கள் கையில் மாட்டியவை.

ஒருநாள் டச்சுக் கல்லறை பார்க்க வந்தவர்களிடம் ஒரு கைடு அதைக் காட்டி, "டச்சுக்காரன் சுட்டது சார்" என்றான்.

அண்ணன் பால் கரண்டியோடு வெளியே வந்தார். "டேய் கஸ்மாலம்! டச்சுக்காரன் ஈயக் குண்டையும் மருந்தையும் குழாய்ல போட்டு இடிச்சவன்டா. பித்தளைத் தோட்டாவ அவன் கனவுல கூட பாத்ததில்ல. இது வெள்ளக்காரன் த்ரீ நாட் த்ரீ ரைபிளு, அது நம்ம எஸ்.எல்.ஆரு!"

வந்தவர்கள் டீ குடிக்காமலே போனார்கள். அண்ணனுக்கு அதில் வருத்தமே இல்லை.

என்னையும் விட்டதில்லை. "கண்ண மூடு நைனா. அடியத் தடவு. நகத்துல விளிம்பு தட்டுச்சுன்னா த்ரீ நாட் த்ரீ. விளிம்பு வெளிய நீட்டாம, சுத்தி பள்ளம் மட்டும் இருந்தா எஸ்.எல்.ஆரு."

தடவினேன். தப்பாகச் சொன்னேன்.

"பசியாவரம் தீவுல பொறந்து, எறாவ கையாலயே புடிக்கிற வம்சம்... இன்னா கை நைனா இது?"

என்ன செய்ய... பத்தாவது ஃபெயில். நண்டு கடித்தால்தான் அது நண்டு என்று தெரிகிற கை.

ஃப்ளெக்ஸ் கட்டிய பையனிடம் மாற்றச் சொன்னேன். "தோட்டான்னா தோட்டாதானே அண்ணா, சாவுல யாரு உத்துப் பாக்கப் போறான்?" என்றான்.

காலையில் எடுக்கிறார்கள். ஊரே அதன் கீழே நின்று போட்டோ பிடிக்கும். அப்புறம் அண்ணன் பேரோடு அந்தப் பொய்தான் சுற்றும்.

என் மகளின் மார்க்கரை வாங்கிக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறினேன். 'டச்சு' மேல் கறுப்பு அடித்தேன். தோட்டாவின் அடியில் விளிம்பு வரைந்தேன்.

ஸ்டூலைப் பிடித்திருந்த என் வீட்டுக்காரி, "இன்னாயா, சாவு அன்னிக்கு ட்ராயிங் கிளாஸா? ஒரு பக்கம் கோணுது பாரு" என்றாள்.

கோணல்தான் அண்ணா. ஆனால் நகத்தில் தட்டும்.

போய் வாங்க.